போதுமை பற்றிய வினா: தரவுப் போதுமைக் கணக்குகளும் மன்னார்க் கரையும்

கணிதப் பரீட்சைகளில் வழமையாகக் கேட்கப்படும் வினா, தரப்பட்ட தரவுகளைக் கொண்டு ஒரு விடையைக் காணுமாறு பணிப்பதாகும். இதனின்றும் வேறுபட்ட வினாவகையொன்று அரை நூற்றாண்டுக்கு மேலாக வழக்கிலுள்ளது. அது விடையைக் கேட்பதில்லை. விடை காண்பதற்குத் தரப்பட்டவை போதுமா என்பதனையே கேட்கின்றது. ‘தரவுப் போதுமை’ எனத் தமிழில் வழங்கும் இவ்வினாவகை, முகாமைத்துவப் பட்டப்பின் கற்கைக்கு மாணவரைத் தெரிவதற்கென ஐக்கிய அமெரிக்காவில் 1954இல் தொடங்கப்பெற்று, 1976 முதல் ஜி.எம்.ஏ.ரி. என்னும் பெயரால் அறியப்படும் தேர்வின் தனியடையாளமாக நெடுங்காலம் விளங்கிற்று. 2023இன் இறுதியில் அத்தேர்வு திருத்தியமைக்கப்பட்டபொழுது, இவ்வினாக்கள் கணிதப் பகுதியினின்றும் நீக்கப்பட்டுத் தரவுகளை ஆராயும் தனிப்பகுதியிலே சேர்க்கப்பட்டன. இந்திய வங்கிப் பதவிகளுக்கான போட்டிப் பரீட்சைகளிலும் இவை இடம்பெறுகின்றன.

இத்தகைய வினா வணிகக் கல்விக்கான தேர்வொன்றிலே தோன்றியமை தற்செயலன்று. முகாமையாளன் தானே கணக்கிட வேண்டியவனல்லன். கணக்கிடுவோர் அவனுக்குக் கீழே உளர். கையிலுள்ள தகவலைக் கொண்டு முடிவெடுக்கலாமா, மேலும் தகவல் திரட்டுமாறு ஆணையிட வேண்டுமா என்பதே அவன் தீர்மானிக்க வேண்டியது. மூளையுழைப்பினுள்ளேயே ஏற்பட்ட வேலைப் பிரிவினையொன்றின் பரீட்சை வடிவம் இது எனலாம். எனினும் ஒரு கருவி எவ்வர்க்கத்தின் தேவையால் உருவாயிற்று என்பது, அதனை எவர் கையாளலாம் என்பதனைத் தீர்மானித்துவிடுவதில்லை. முடிவுகளை எடுப்போரைக் காட்டிலும், தம்மைப் பற்றிப் பிறரெடுக்கும் முடிவுகளுக்கு ஆட்படுவோர்க்கே இக்கருவி மிகுதியும் பயன்படும் என்பது எமது கருத்து. இலக்கிய மாணவராகிய நாம் இதிலே ஈடுபாடு கொள்ளுதற்கு வேறொரு காரணமும் உண்டு. இவ்வினாக்களிற் பெரும்பாலானவை கணிதம் தெரியாமையாலன்றி வாக்கியத்தைச் சரியாக வாசியாமையாலேயே பிழைபடுகின்றன.

வினாவின் அமைப்பினை முதலில் நோக்குவோம். ஒரு வினாவும் அதன்கீழ் இரு கூற்றுக்களும் தரப்படும். விடைகள் எப்பொழுதும் ஐந்தே, அவை மாறுவதில்லை. முதலாங் கூற்று மட்டும் தனித்துப் போதுமெனின் (அ). இரண்டாவது மட்டும் தனித்துப் போதுமெனின் (ஆ). தனித்தனியே போதாமல் இரண்டையும் சேர்த்தாற் போதுமெனின் (இ). ஒவ்வொன்றும் தனித்தே போதுமெனின் (ஈ). இரண்டையும் சேர்த்தும் போதாதெனின் (உ). கூற்றுக்கள் இரண்டும் உண்மையெனக் கொள்ளப்பட வேண்டும். அவை ஒன்றையொன்று மறுப்பதில்லை. மறுப்பதாகத் தோன்றினால் எமது கணிப்பிலேதான் பிழை உளது. முதலாங் கூற்றினை ஆராய்ந்து முடித்தபின், இரண்டாவதை ஆராயும்பொழுது முதலாவதை முற்றாக மறந்துவிட வேண்டும். சொல்வதற்கு எளிதாயினும், மாணவர் பெரிதும் இடறுவது இவ்விடத்திலேயே. ஒரு கூற்று மனத்திற் பதிந்துவிட்டால் அடுத்ததை அதன் நிழலிலேயே வாசிப்பது மனித இயல்பு.

தருக்கப் பயிற்சி எமக்குப் புதியதன்று. மணிமேகலையின் இருபத்தொன்பதாவது காதையாகிய ‘தவத்திறம் பூண்டு தருமங் கேட்ட காதை’ பௌத்த அளவை நூலாரின் தருக்க முறையினை விரித்துரைப்பது. ஏதுப் போலிகளாக அங்கு கூறப்படும் மூன்றனுள் ஒன்று அநைகாந்திகம். ஒரு முடிவுக்கும் அதன் மறுதலைக்கும் ஒருங்கே இடந்தரும் ஏது அது. ஒலி அழியும், ஏனெனில் அது அறியப்படுகின்றது என ஒருவர் வாதிட்டால், அறியப்படும் குடம் அழிகின்றது, அறியப்படும் ஆகாயம் அழிவதில்லை. ஆதலின் அறியப்படுதல் என்னும் ஏது எதனையும் தீர்மானிக்கவில்லை. தரவுப் போதுமைக் கணக்கிலே ‘போதாது’ என்னும் சொல்லின் பொருள் இதுவே. கூற்றுடன் முரண்படாத இரு நிலைமைகளைக் காட்டி, ஒன்றில் ஒரு விடையும் மற்றதில் வேறொரு விடையும் கிடைப்பதாக நிறுவினால் அக்கூற்றுப் போதாது என்பது முடிந்தது. ஆனால் போதும் என்று நிறுவுதற்கு எத்தனை எடுத்துக்காட்டுக்களை அடுக்கினும் பயனில்லை. வேறு விடை வரவே இயலாதெனக் காட்ட ஒரு நியாயம் வேண்டும்.

எடுத்துக்காட்டுக்களை மன்னார்க் கரையிலிருந்தே கொள்வோம். பங்கீடும் மதிப்பீடும் இங்கு மிகப் பழைய தொழில்கள். அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என்னும் ஊர்களை அடுத்த கடலிலே நடைபெற்ற முத்துக்குளிப்பு, பிரித்தானியர் காலத்தில் அரசின் தனியுரிமையாக இருந்தது. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசு அடைந்த வருவாய் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா. தோணிகள் கரைசேர்ந்ததும் சிப்பிகள் யாவும் ‘கொட்டு’ எனப்பட்ட வேலியிட்ட பெருங்கொட்டகைக்குக் கொண்டுசெல்லப்படும். அங்கே குளிகாரரே தம் தோணியின் சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிப்பர். அரசு அலுவலர் அவற்றுள் இரண்டினைச் சுட்டுவார். எஞ்சிய ஒன்று குளிகாரருக்கு. அரசின் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என அன்றிரவே ஏலத்தில் விற்கப்படும்.

இப்பங்கீட்டிலிருந்து ஒரு வினாவை அமைப்போம். ஒரு தோணியின் சிப்பிகள் அரசுக்கும் குளிகாரருக்கும் மட்டுமே பங்கிடப்பட்டன. குளிகாரர் பெற்ற சிப்பிகள் எத்தனை? (1) அரசு பெற்றவை 16,000. (2) தோணி கரைசேர்த்தவை 24,000. மன்னார் வரலாறு அறிந்த வாசகர், அரசுக்கு மூன்றில் இரண்டு என்பதனை நினைவிற்கொண்டு, ஒவ்வொரு கூற்றும் தனித்தே 8,000 என்னும் விடையைத் தருமென்று (ஈ)யைத் தெரிவு செய்யக்கூடும். அது பிழை. மூன்றிலொரு பங்கு என்னும் விதி வினாவில் இல்லை. வினாவுக்கு வெளியே நாம் அறிந்தது எவ்வளவு உண்மையாயினும், வினாவிற் கூறப்படாதவரை அது தரவாகாது. அரசு 16,000 பெற்றதென மட்டும் அறிந்தால் குளிகாரர் பெற்றது எதுவாகவும் இருக்கலாம்; மொத்தத்தை மட்டும் அறிந்தாலும் அவ்வாறே. இரண்டையும் சேர்த்தபின்னரே கழித்தறியலாம். விடை (இ). வினாவில் ‘வழமையான மூன்றிலொரு பங்கின்படி’ என்னும் தொடர் ஒன்று இருந்திருப்பின் விடை (ஈ) ஆகியிருக்கும். ஆகவே வினாவைக் கூற்றுக்களிலும் கூடிய கவனத்துடன் வாசித்தல் வேண்டும்.

மூன்று குவியல் முறையிலே இன்னொரு நயமும் உண்டு. பிரிப்பவர் ஒருவர், தெரிபவர் வேறொருவர். எக்குவியல் தமக்கு எஞ்சுமெனப் பிரிப்பவர் அறியார். ஆதலின் குவியல்களைச் சமமாக்குவதே அவருக்கு நன்மை. ஒரு சிப்பியையேனும் எண்ணாமல், பங்கீடு ஏறத்தாழச் சமமாக அமையும் என்பதற்குப் போதிய ஆதாரம் அம்முறையினுள்ளேயே உளது. ஆனால் மூச்சடக்கி மூழ்கியவனுக்கு மூன்றில் ஒன்று ஏன், கரையில் நின்று சுட்டியவனுக்கு மூன்றில் இரண்டு ஏன் என்னும் வினாவுக்கு அம்முறை விடை கூறாது. கணக்கு எப்பொழுதும் ஒரு வினாவுக்குள் நின்றே நியாயம் வழங்குகின்றது.

‘ஆம்’, ‘இல்லை’ என விடையிறுக்க வேண்டிய வினாக்கள் வேறொரு வகையாற் குழப்பம் விளைவிப்பன. குளிகாரர் கனமான கல்லொன்றைப் பற்றியே ஆழத்துக்கு இறங்குவர். ஒரு கல்லை இருவர் மாறிமாறிப் பயன்படுத்துதல் வழக்கம். வினா: ஒரு தோணியில் இருந்த குளிகாரர் 12 பேருக்கு மேற்பட்டவரா? (1) தோணியில் 5 கற்கள் இருந்தன; ஒவ்வொரு கல்லுக்கும் இருவர் உரியவர்; எவரும் இரு கற்களுக்கு உரியவரல்லர்; கல்லில்லாத குளிகாரரும் இல்லை. (2) குளிகாரர் தொகை ஓர் இரட்டையெண். அது 8க்குக் குறைந்ததன்று. முதலாங் கூற்றின்படி குளிகாரர் 10 பேர், 12க்கு மேற்பட்டவரல்லர். விடை ‘இல்லை’ என வந்ததனால் கூற்றுப் போதாது என மாணவர் பலர் கொள்வர். ‘இல்லை’ என உறுதியாகத் தெரிவதும் தெரிதலே. இரண்டாங் கூற்றோ 8க்கும் இடந்தரும், 14க்கும் இடந்தரும். அதனால் எதுவும் தீர்மானமாகாது. விடை (அ). மணிமேகலை கூறும் போலிகளுள் விருத்தம் என்பது, வாதி சாதிக்க விரும்பியதற்கு மறுதலையைச் சாதித்துவிடும் ஏது. வாதத்திலே அது குற்றம். தரவுப் போதுமையிலோ குற்றமன்று, போதுமையே. இங்கு குற்றமாவது அநைகாந்திகம் மட்டுமே.

அடுத்து, கணிதம் ஓரளவு கற்றோரை மட்டுமே வீழ்த்தும் பொறியொன்று உளது. அறியாத கணியங்கள் இரண்டாயின் சமன்பாடுகளும் இரண்டு வேண்டும் என்பது பள்ளியில் மனனஞ் செய்த விதி. பேசாலையில் ஒரு வியாபாரி கருவாட்டை 7 கிலோப் பொதிகளாகவும் 11 கிலோப் பொதிகளாகவும் கட்டினாரெனக் கொள்வோம். 7 கிலோப் பொதிகள் எத்தனை? (1) கட்டிய கருவாட்டின் மொத்த நிறை 61 கிலோ. (2) பொதிகள் மொத்தம் 7. விதியை மனனஞ் செய்தவர் உடனே (இ) என்பார். ஆனால் பொதி என்பது பாதியாகவோ காலாகவோ இருக்க முடியாதது, முழுவெண். 61இலிருந்து பதினொன்று பதினொன்றாகக் கழித்துவரின் 50, 39, 28, 17, 6 என எஞ்சும். இவற்றுள்ளும் 61இலும் ஏழால் மீதியின்றிப் பிரிபடுவது 28 ஒன்றே. ஆகவே 11 கிலோப் பொதி 3, 7 கிலோப் பொதி 4. வேறு வழியில்லை. முதலாங் கூற்றே போதும். இரண்டாங் கூற்று மட்டும் இருப்பின் ஏழையும் பலவாறு பிரிக்கலாம், அது போதாது. விடை (அ).

நிறை 61 அன்றி 105 ஆக இருப்பின் நிலைமை வேறு. அப்பொழுது நான்கு சிறு பொதியும் ஏழு பெரும் பொதியும் பொருந்தும். பதினைந்து சிறு பொதி மட்டும் கட்டியிருந்தாலும் பொருந்தும். விடை இரண்டாகிவிடவே கூற்றுப் போதாதாகும். ஆனால் ‘இரு வகைப் பொதிகளும் கட்டினார்’ என வினா ஐயத்துக்கிடமின்றிக் கூறியிருப்பின் பின்னையது நீங்கிப் போதுமை மீண்டும் கைகூடும். ஓர் உம்மை கணக்கின் விடையை மாற்றுகின்றது. உரையாசிரியர்கள் உம்மைக்குப் பொருள் கூறுதலில் ஏன் அத்துணை சிரத்தை காட்டினரென வியக்கும் மாணவர்க்கு இக்கணக்கைக் காட்டலாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. சமன்பாடுகள் இரண்டு இருந்தும் போதாமை நேரலாம். இரு பாய்களும் மூன்று பெட்டிகளும் 1,300 ரூபா என்பது ஒரு கூற்று. நான்கு பாய்களும் ஆறு பெட்டிகளும் 2,600 ரூபா என்பது மற்றது. ஒரு பாயின் விலை என்ன? இரண்டாவது முதலாவதன் இரட்டிப்பேயன்றிப் புதிய செய்தி எதனையும் கூறவில்லை. பாய் 200, பெட்டி 300 எனினும் பொருந்தும், பாய் 500, பெட்டி 100 எனினும் பொருந்தும். விடை (உ). எமது துறையிலே இதனை ஒத்த தவறு மிகுதி. ஒரு நூலின் காலத்துக்குச் சான்றாக மூன்று பிற்கால நூல்களை எடுத்துக்காட்டுவோர், அம்மூன்றும் ஒரே பழைய குறிப்பினைப் பார்த்து எழுதப்பட்டவையா என்று கேட்பதில்லை. பார்த்தெழுதியவையாயின் சான்று மூன்றன்று, ஒன்று.

விடை காணாமலேயே போதுமையை முடிவுசெய்தல் இப்பயிற்சியின் சிறப்பான கூறு. முத்து வணிகத்தில் வழங்கிய ‘செவ்வு’ என்னும் அளவினை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். ஒரு தொகுதி முத்தின் நிறையை மஞ்சாடியில் அளந்து, அதனைத் தன்னாற் பெருக்கி, முக்காற்பங்கு கொண்டு, முத்துக்களின் எண்ணிக்கையால் வகுத்தாற் கிடைப்பது செவ்வு. பல சிறு முத்துக்களிலும் அதே நிறையுள்ள சில பெருமுத்துக்கள் பன்மடங்கு விலை பெறுவதனை இவ்வாய்பாடு அழகுறப் பிடித்துக்கொள்கின்றது. வினா: முதல் தொகுதியின் செவ்வு இரண்டாந் தொகுதியின் செவ்விலும் கூடியதா? (1) முதல் தொகுதியின் நிறை இரண்டாவதன் இருமடங்கு. (2) முதல் தொகுதியின் முத்துக்கள் இரண்டாவதன் மும்மடங்கு. நிறை எத்தனை மஞ்சாடி, முத்து எத்தனை என்பன எங்கும் கூறப்படவில்லை. ஆயினும் இரண்டையும் சேர்த்தால், நிறையின் வர்க்கம் நான்கு மடங்கு, எண்ணிக்கை மூன்று மடங்கு. செவ்வு மூன்றில் நான்கு மடங்கு. ஆகவே கூடியதே. முக்கால் என்னும் பெருக்கமோ இருபுறத்துக்கும் பொதுவாதலின் விலகிவிடுகின்றது. விடை (இ). செவ்வு எவ்வளவெனக் கேட்டிருந்தால் விடை (உ) ஆகியிருக்கும். ஒப்பீட்டினைக் கேட்கும் வினாவும் பெறுமதியைக் கேட்கும் வினாவும் வேறுவேறான தேவைகளை உடையன.

தேர்வு மண்டபத்திலே நேரம் குறைவு. முதலாங் கூற்றுப் போதுமெனத் தெளிந்தால் எஞ்சுவன (அ), (ஈ) இரண்டே; போதாதெனத் தெளிந்தால் (ஆ), (இ), (உ) மூன்றே. இரண்டாங் கூற்று எளிதாயின் அதிலிருந்து தொடங்குதலும் தகும். சேர்த்துப் பார்த்தல் என்பது, தனித்தனியே இரண்டும் தோற்றபின்னரே செய்ய வேண்டியது.

இதுவரை கூறியவற்றுள் வினாவும் கூற்றுக்களும் எவரோ ஒருவராற் செம்மையாக வகுக்கப்பட்டவை. வாழ்க்கையிலே வினா அவ்வாறு வருவதில்லை. காரிநாயனாரின் கணக்கதிகாரத்திலே, பலாப்பழத்தை அறுக்காமலே அதன் சுளைகளை எண்ணுதற்கு ஒரு விதி உண்டு. காம்பினைச் சூழ்ந்த சிறு முட்களை எண்ணி, ஆறாற் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டுமாம். புறத்தே தெரியும் ஒன்று அகத்தேயுள்ளதனை உணர்த்தப் போதும் என்னும் நம்பிக்கை அவ்விதியின் அடிப்படை. மன்னார்க் கொட்டிலே ஏலம் எடுத்த வணிகனுக்கு அத்தகைய முள் எதுவும் வாய்க்கவில்லை. மூடிய சிப்பிகளை ஆயிரக்கணக்கில் வாங்கி, அழுகவிட்டுக் கழுவிய பின்னரே முத்து உண்டா இல்லையா என அறிந்தான். இக்குறையினை ஓரளவு நீக்குதற்கெனக் குளிப்புக்கு முன்னரே பார்களிலிருந்து மாதிரிச் சிப்பிகள் எடுக்கப்பட்டு, அவற்றின் முத்துக்கள் மதிப்பிடப்பட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறுமதி என அறிவிக்கப்பட்டது. மாதிரி என்பது போதுமையன்று. போதாமையை அளந்து அதனோடு உடன்பட்டு வாழும் முறை.

இவ்வேறுபாட்டினை உணராதார் அடைந்த நட்டம் பெரிது. 1905இன் பெருவிளைச்சலை அடுத்து, இலண்டன் முதலீட்டாளரின் முத்துக்குளிப்புக் கம்பனியொன்று 1906 முதல் இருபது ஆண்டுகளுக்கு இப்பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. குத்தகைப் பணம் ஆண்டுக்கு 3,10,000 ரூபா. வினாவாக இதனை எழுதின்: வரும் இருபது ஆண்டுகளிற் பார்கள் விளையுமா? (1) 1903 முதல் விளைந்துள்ளன. (2) 1905இல் முன்னெப்பொழுதும் இல்லாதவாறு விளைந்துள்ளன. மன்னார்ப் பார்கள் சில ஆண்டுகள் நிறைந்தும் பல ஆண்டுகள் வெறுமையாகவும் கிடப்பன என்பது ஒல்லாந்தர் காலந்தொட்டு அறியப்பட்ட செய்தி. அதனோடு வைத்து நோக்கின் இரு கூற்றுக்களும் ‘ஆம்’ என்பதற்கும் ‘இல்லை’ என்பதற்கும் ஒருங்கே இடந்தருவன. 1907இன் பின்னர்ப் பார்கள் வரண்டன. குத்தகைக்காலம் முடியுமுன்னரே கம்பனி கலைந்தது. கம்பனி ஆண்டுக்கு மூன்று இலட்சம் செலுத்தத் துணிந்ததும், குளிகாரன் அடுத்த பருவத்துக்கு வேலையுண்டா என்பதறியாது ஊர் திரும்பியதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள். விலை மட்டும் வேறு.

1906ஆம் ஆண்டுக் குளிப்பின்போது மரிச்சுக்கட்டியிற் கடமையாற்றிய இளம் சிவில் சேவையாளருள் ஒருவர் லெனாட் வூல்ஃப். ‘முத்துக்களும் பன்றிகளும்’ என்னும் பொருள்படத் தலைப்பிட்டு அவர் 1921இல் வெளியிட்ட சிறுகதை இவ்வனுபவத்தின் அடியாகப் பிறந்தது. கீழைநாடுகளைப் பற்றி உறுதியான கருத்துக்கள் உடைய, ஆனால் அவற்றை அறியாத இரு கனவான்களை அக்கதை நையாண்டி செய்கின்றது. ஒருவர் பங்குத் தரகர், மற்றவர் மதகுரு. பேரரசின் ஆட்சி போதாத தரவுகளின்மீது நடைபெற்றது என்பதனை அவ்வாட்சியின் ஊழியரொருவரே உணர்ந்திருந்தமை குறிப்பிடத்தக்கது.

இனி, பரீட்சைகளையே இக்கண்கொண்டு நோக்குவோம். இலங்கையில் 1971ஆம் ஆண்டு மருத்துவ அனுமதிக்குச் சிங்கள மொழிமூல மாணவர் பெறவேண்டிய ஆகக்குறைந்த புள்ளி 229, தமிழ் மொழிமூல மாணவர் பெறவேண்டியது 250 என அமைந்தது. மொழிவழித் தரப்படுத்தலின் தொடக்கம் இது. தமிழ் மொழிமூலப் பரீட்சார்த்திகள் விஞ்ஞானத் துறைகளில் விகிதாசாரத்துக்கு மேலாக இடம்பெற்றிருந்தனர் என்பதே அதற்குக் காட்டப்பட்ட அடிப்படை. இக்கூற்று உண்மையே. ஆனால் அது எதனைத் தீர்மானிக்கின்றது? விடைத்தாள் திருத்தியோர் தாராளமாகப் புள்ளியிட்டதனாலும் அவ்வாறு நேரலாம். மிஷன் பாடசாலைகளின் ஆய்வுகூட வசதிகள் யாழ்ப்பாணத்திலே செறிந்திருந்ததனாலும் நேரலாம். புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றுள் எது எனக் கூறமுடியாது. அநைகாந்திகமான ஏதுவொன்றின்மீது ஒரு தலைமுறையின் வாழ்வு தீர்க்கப்பட்டது. அதன் விளைவுகளை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

1974இல் மாவட்டக் கோட்டா புகுத்தப்பட்டபொழுது நிலைமை சிக்கலாயிற்று. யாழ்ப்பாணத்து மாணவரைப் பாதித்த அம்முறை, ஆய்வுகூடமில்லாத பாடசாலைகளையுடைய மன்னார் போன்ற மாவட்டங்களுக்கு ஒரு வாயிலைத் திறந்தது. தமிழ்மக்கள் என்னும் ஒற்றைச் சொல்லினுள் அடங்கியிருந்த வர்க்க, பிரதேச வேறுபாடுகள் வெளிப்பட்ட தருணம் அது. அதனைப் பேசுதற்கு எமது அறிஞருட் பலர் அன்று தயங்கினர்.

2001 முதல் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் இசட் புள்ளியாற் கணிக்கப்படுகின்றன. ஒரு பாடத்திற் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுப்பது இசட் புள்ளி. மூன்று பாடங்களின் சராசரி மாணவரின் நிலையைத் தீர்மானிக்கும். பௌதிகவியலில் 60 பெற்றவர், உயிரியலில் 70 பெற்றவர் ஆகிய இருவருள் எவருடைய இசட் புள்ளி கூடியது? (1) இடைகள் முறையே 45, 58. (2) நியம விலகல்கள் முறையே 15, 8. இடைகளை மட்டும் அறிந்தால் முன்னவர் 15ஆலும் பின்னவர் 12ஆலும் மேம்பட்டவர். அவசரப்படுவோர் முன்னவரே எனத் தீர்த்துவிடுவர். நியம விலகலையும் கொண்டால் முன்னவருக்கு 1.0, பின்னவருக்கு 1.5. விடை (இ). யாருடைய இடை என்னும் வினா இதற்குள்ளே மறைந்திருப்பதனை 2011ஆம் ஆண்டுப் பெறுபேறுகள் வெளிக்கொணர்ந்தன. பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் தோற்றியோரை ஒரே குடித்தொகையாகக் கணித்தமை தவறென உயர் நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. இரு தொகுதிகளும் வெவ்வேறாக மீளக் கணிக்கப்பட்டன.

இசட் புள்ளி அதற்குரிய வினாவுக்குப் போதுமானதே. பரீட்சைக்குத் தோற்றியோரிடையே ஒருவர் எங்கு நிற்கின்றார் என்பதே அவ்வினா. அவ்விடத்தை அவர் எத்தகைய தடைகளைக் கடந்து அடைந்தார் என்பது வேறு வினா. அதற்கு அப்புள்ளி போதாதென்பதனை அரசே ஒப்புக்கொண்டுள்ளது. பெரும்பாலான துறைகளில் 40 வீத இடங்களே அகில இலங்கைத் திறமை வரிசையில் நிரப்பப்படுகின்றன. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கியவை எனக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் உரியன. மன்னார் அப்பதினாறனுள் ஒன்று. யாழ்ப்பாணமும் அவற்றுள் ஒன்று.

ஆனால் ‘மன்னார் மாவட்டம்’ என்பதும் ஒரு கூற்றே. மன்னார் நகரத்திலே விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலைக்கு நடந்து செல்லக்கூடிய மாணவியும், முசலியிலோ மடுவின் உட்கிராமமொன்றிலோ இரசாயனவியல் ஆசிரியரின்றி இரு ஆண்டுகள் கழித்த மாணவியும் அக்கூற்றின்கீழ் ஒருவரே. தனியார் வகுப்புக்குப் பணம் செலுத்தக்கூடிய குடும்பத்துப் பிள்ளைக்கே மாவட்ட இடம் எளிதிற் சென்றடைகின்றது. 1990 ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபொழுது மன்னாரின் ஊர்களிலிருந்து புத்தளத்துக்குச் சென்று, அங்கே அகதி முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளை எம்மாவட்டத்தவராகக் கொண்டாலும் அச்சொல் அவர்கள் இழந்ததனைக் கூறுவதில்லை.

ஆகவே ஈற்றில் ஒரு வினா. இப்பரீட்சார்த்தி சமமான வாய்ப்பின்றிப் போட்டியிட்டவரா? (1) அவரது மாவட்டம் மன்னார். (2) அவரது இசட் புள்ளி 1.2. தனித்தும் போதா, சேர்த்தும் போதா, விடை (உ). வேண்டப்படும் மூன்றாவது கூற்று, அவர் கற்ற இரு ஆண்டுகளில் அவரது பாடசாலையில் எப்பாடங்களுக்கு ஆசிரியர் இருந்தனர் என்பது. பாடசாலை வாரியான அவ்விபரம் மன்னார், மடு ஆகிய இரு வலயக் கல்வி அலுவலகங்களின் கோப்புக்களில் உளது.